சவுனா சூடா இருக்கு

கல்லியோ துறை என்கிற ஏரிக்கரை ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் யாரையும் போனில் பிடிக்க முடியாது. எல்லோரும் குளிக்கப் போயிருப்பார்கள். வாளியும் சொம்புமாக நாலு நிமிடத்தில் முடிகிற குளியல் இல்லை அது. மரப்பலகை அறைக்குள் அடுப்பின் மேல் கல்லைக் குவித்து, கல் நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் தண்ணீரை விசிறி, எழும்புகிற ஆவியில் வெந்து, வெளியே ஓடிப் பனியில் விழுந்து, மறுபடி உள்ளே வந்து வேகிற குளியல். பின்லாந்திலிருந்து சுரங்க வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். மொழியைப் பாதி மறந்துவிட்டார்கள், பாட்டை முக்கால்வாசி மறந்துவிட்டார்கள், சனிக்கிழமை சவுனாவை மட்டும் விடவில்லை. மறுநாள் சர்ச்சுக்குச் சுத்தமாகப் போக வேண்டாமா?

இதில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. பைன் ஷோர் மின்-எரிவாயுக் கம்பெனி ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் நிலக்கரி மின்நிலையத்தைக் கட்டியபோது, கிடைத்த மின்சாரத்தை யாரிடம் விற்பது என்று தெரியாமல் முழித்தது. கடைசியில் மின்சார சவுனா அடுப்பைத் தவணை முறையில் வீட்டுக்கு வீடு தலையில் கட்டியது. விறகு பிளக்க வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும் என்றதும் ஊரும் மயங்கிவிட்டது. கொல்லைப்புறத்து விறகு சவுனாக்களில் பழைய டயரும் உடைந்த நாற்காலியும் குடியேறின. அன்றிலிருந்து சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஊர் முழுவதும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறும். கம்பெனிக்காரர்கள் அதற்கு 'சவுனா மலை' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த மலைதான் இந்த ஜனவரியில் கெயில் மாத்திலாவின் தலைமேல் விழக் காத்திருந்தது.

கெயிலுக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத் தெருவில் பிறந்தவள். அந்தத் தெருவில் பனி வெள்ளையாக விழும், மறுநாள் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அவளுடைய அம்மா மின்நிலையப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொண்டுதான் துணியைக் கொடியில் போடுவாள். படித்து முடித்து அதே கம்பெனியில் சேர்ந்த கெயில், கரியிலிருந்து வெளியே வர ஒரு திட்டம் போட்டாள். மேட்டுக் காட்டில் காற்றாலைகள், இரும்புத் தாதுக் கப்பல்கள் நின்ற பழைய துறையில் வரிசை வரிசையாகப் பெரிய பேட்டரிகள், ஊருக்கு வெளியே எரிவாயு என்ஜின்கள், தெற்கிலிருந்து ஒரு மின்பாதை. ஏழு வருடம் அலைந்து, படியேறி, தொண்டை கிழியப் பேசி, ஒருவழியாக மாநில மின்சார ஆணையத்தைத் தலையாட்ட வைத்தாள்.

ஆணையம் சும்மா தலையாட்டவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்கக் கரிக் கொதிகலன் அணைந்த நிலையில் தயாராக நிற்க வேண்டும். ஏரியில் பனிக்கட்டி உருகும்வரை அதைப் பற்ற வைக்காமல், ஒரு தெருவைக்கூட இருட்டில் விடாமல் சமாளித்தால், நிரந்தரமாக மூடிவிடலாம். ஒரே ஒரு தடவை பற்ற வைத்தாலும், ஒரே ஒரு தெரு இருண்டாலும், கொதிகலன் இன்னும் ஐந்து வருடம் ஓடும். 'சமாளிக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டது கெயில்.

அந்தக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டது அவளுடைய அண்ணன் வெய்ன். இது வேடிக்கைதான், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. இருபத்தெட்டு வருடமாகக் கரி எரிக்கிறவன். இன்னும் ஐந்து வருடம் ஓடினால் அந்தக் கொதிகலனோடு சேர்ந்தே அவனும் ஓய்வு பெறலாம். மூடினால் வசந்தத்தோடு வேலை போச்சு. எரிவாயு என்ஜினுக்கு மாற்றிக்கொள்கிறாயா என்று கம்பெனி கேட்டதற்கு, "அந்தத் தையல் மிஷினையா?" என்று திருப்பிக் கேட்டு வந்துவிட்டான். கிறிஸ்துமஸ் விருந்தில் தங்கைக்கு ஒரு துண்டு இறைச்சியை வெட்டி வைத்தவன், "உன் காத்தாடிக்கும் ஒரு துண்டு எடுத்துட்டுப் போ, பாவம், காத்தில்லாம பட்டினி கெடக்கும்" என்றான். மேசையே சிரித்தது. கெயிலும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஜனவரி கடைசி சனிக்கிழமை விடியற்காலையில் அவளுடைய போன் அடித்தது. வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி ஒட்டுகிற குளிர்.

"எந்திரிச்சிட்டியா?" என்றான் வெய்ன்.

"தூங்கினாத்தானே எந்திரிக்க."

"வெளிய பாத்தியா? ராத்திரி வேலைக்குக் கெளம்பறப்ப என் டிரக் கதவு உறைஞ்சு கெடந்துச்சு. உன் அண்ணி தலமுடி காய வெக்கற மிஷின எடுத்துட்டு வந்து காட்டித்தான் தொறந்தேன்."

"எதுக்குக் கூப்ட்ட, வெய்ன்?"

"இன்னைக்குச் சனிக்கெழம. இப்பப் பத்த வெச்சாத்தான் சாயங்காலம் ஆவி ஏறும். கொதிகலன் என்ன காபிப் பாத்திரமா, நெனச்சவுடனே கொதிக்க? மத்தியானம் வந்து 'அண்ணா, காப்பாத்து'ன்னு அழுதா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப ஒரு வார்த்த சொல்லு, ஊருக்கே போதும் போதும்கற அளவுக்குக் கரண்ட் தர்றேன்."

கெயில் பயந்துபோயிருந்தாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? 'சரி, பத்த வை' என்று சொன்னால் இந்த நிமிடமே மனசு லேசாகிவிடும். தூங்கலாம். ஏழு வருடத்தை மட்டும் குப்பையில் போட வேண்டும். துறைமுகத் தெருவில் இன்னும் ஐந்து வருடம் சாம்பல் நிறப் பனி.

"வேணாம்."

"சரியாக் கேக்கல."

"பத்த வெக்காதன்னு சொன்னேன்."

"சரி. சொன்னது நீ. ஞாபகம் வெச்சுக்க" என்று வைத்துவிட்டான். காலையில் அவனுடைய ராத்திரி ஷிஃப்ட் முடிந்தது. வீட்டுக்குப் போனான்.

மத்தியானத்துக்குள் எல்லாம் தலைகீழானது. வானிலைக்காரர்கள் சொன்னதைவிடக் குளிர் இன்னும் கீழே இறங்கியது. காற்றாலைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர் ஓர் எல்லையைத் தாண்டினால் இரும்பு விரிசல் விடாமலிருக்கத் தானே நின்றுவிடும். மேட்டுக் காட்டில் ஒவ்வொன்றாக நின்றன. காற்று மட்டும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எரிவாயுவும் கழுத்தறுத்தது. ஊரில் எல்லா வீட்டுச் சூடேற்றியும் முழுமூச்சில் எரிந்ததால் குழாயில் அழுத்தம் இறங்கியது. வீடுகளுக்குப் போக மிச்சம்தான் என்ஜினுக்கு என்பது சட்டம். இரண்டு என்ஜின்களை நிறுத்த வேண்டி வந்தது. தெற்கிலிருந்து வருகிற மின்பாதையோ ஏற்கெனவே தாங்குகிற அளவு முழுக்கச் சுமந்துகொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவன் டினோ. அப்பா வழியில் இத்தாலிக்காரன். சவுனாவுக்கு யார் கூப்பிட்டாலும் "நான் என்ன சாசேஜா, என்னைப் போட்டு வேக வெக்க?" என்று நழுவுகிறவன். இன்று அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"கெயில், இப்ப இருக்கறத வெச்சு ஊர ஓட்டிரலாங்க. பேட்டரியும் தாங்கும். ஆனா அஞ்சு மணிக்கு மலை வந்துச்சுன்னா தாங்காது."

"எவ்வளவு கொறையுது?"

"கிட்டத்தட்ட அந்த மலை அளவுக்கு."

தலைமை அலுவலகத்திலிருந்து துணைத்தலைவர் புரூஸ் ஆல்டன் போன் செய்தார். தெற்கே, பெரிய நகரத்தில், கண்ணாடிக் கட்டிடத்தின் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிற நல்ல மனிதர். "ஒரு பகுதிய அரை மணி நேரம் அணைங்க. அப்புறம் அடுத்த பகுதி. மாத்தி மாத்தி. எந்தத் தெரு மொதல்லன்னு நீங்களே சொல்லுங்க, கெயில். ஆணையத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு தெரு அணைந்தால் கொதிகலனுக்கு ஐந்து வருடம். அதுகூடப் பரவாயில்லை. எரிவாயுச் சூடேற்றியானாலும் அதன் விசிறி மின்சாரத்தில்தான் சுற்றும். இந்தக் குளிரில் விசிறி நின்றால் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும், தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு விரல் நீலமாகும்.

அணைக்காமல் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஊரிடம் கேட்பது.

சனிக்கிழமை மத்தியானம் ஊர் ரேடியோவில் 'வாங்க விற்க' என்றொரு நிகழ்ச்சி நடக்கும். ரெய்னோ பெல்டோ நடத்துகிறார். யார் வேண்டுமானாலும் போன் செய்து பனி வாரும் இயந்திரம் விற்கலாம், கன்றுக்குட்டி கேட்கலாம், தொலைந்த கையுறைக்கு ஒப்பாரி வைக்கலாம். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் போக, வம்பு கேட்கிறவர்கள் ஊர் முழுக்க அதைப் போட்டுவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டில் கை வைப்பார்கள்.

"நம்ம கெயில் மாத்திலா லைன்ல இருக்காங்க. என்ன விக்கறீங்க, கெயில்?"

"விக்கல, ரெய்னோ. ஒண்ணு கேக்கறதுக்கு வந்தேன்." கெயில் நிலைமையை மறைக்காமல் சொன்னாள். காற்றாலை நின்றதைச் சொன்னாள், எரிவாயு இறங்கியதைச் சொன்னாள். அதுவரை நன்றாகத்தான் போனது. ராத்திரி முழுக்கத் தூங்காதவள், எப்படியாவது முடித்தால் போதும் என்று கடைசியில் ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். "அதனால இன்னைக்கு யாரும் சவுனா போட வேணாம். நாளைக்குக் குளிச்சுக்கலாம்."

ரேடியோவில் யாரும் பேசாமல் இருக்கக்கூடாது என்று முப்பது வருடமாகச் சொல்லி வந்த ரெய்னோ பேசாமல் இருந்தார்.

"நாளைக்குன்னா..." என்று மெல்லக் கேட்டார். "ஞாயித்துக்கெழமையா?"

கெயிலுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லியோ துறையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை சவுனாவுக்குப் போங்கள் என்று ஊரறியச் சொல்லிவிட்டாள். தெற்கத்திக்காரன் சொல்லியிருந்தால் விவரம் தெரியாதவன் என்று விட்டிருப்பார்கள்.

முதல் ஆளாக லைனில் வந்தது சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிற ஹில்மா கங்காஸ். "அழுக்கோட போய் ஆண்டவர் முன்னாடி நிக்கச் சொல்றாளா? அவ அம்மா உயிரோட இருந்திருந்தா ரேடியோ ஸ்டேஷனுக்கே வந்து காதத் திருகியிருப்பா!" அடுத்து ஒரு கிழவர்: "பின்லாந்த ஆண்ட ரஷ்யாவோட ஜார் ராஜாவே எங்க பாட்டன் சவுனாவுல கை வெக்கல. இவ யாரு?" அதற்கடுத்து ஒரு நிதானமான குரல்: "நாய்க்குட்டி இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. ரெண்டும் பொட்ட. அப்புறம், நான் சவுனாவ நிறுத்த மாட்டேன்."

திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. கம்பெனி மின்சாரத்தை நிறுத்துவதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புத்திசாலிக்குத் தோன்றியது.

"கெயில்," என்றான் டினோ திரையைப் பார்த்தபடி, "மலை இப்பவே கெளம்பிருச்சுங்க."

கோடு ஏறத் தொடங்கியிருந்தது. அவள் வாயைத் திறந்ததால் வந்த வினை. பேசாமல் இருந்திருந்தால் ஐந்து மணி வரையாவது மூச்சு விட்டிருக்கலாம். கெயில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எந்தத் தெருவை முதலில் அணைப்பது? வேறு தெருவைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. தான் பிறந்த தெருவையே சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள்.

ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரெய்னோ களைத்த குரலில், "அடுத்தவரு வாங்க. என்ன விக்கறீங்க?" என்றார்.

"விக்கல. சும்மா தர்றேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் கெயில் கண்ணைத் திறந்தாள்.

"என்கிட்ட ஒரு சவுனா இருக்கு. வெறகு அடுப்பு. நானே கட்டினது, நல்ல தேவதாரு மரம். ஏரிக்கர ரோட்டுல கடைசி வீடு. ஒரு தடவைக்கு எட்டுப் பேர் உக்காரலாம், ஒல்லியா இருந்தா பத்து. மொதல்ல பொம்பளைங்க, அப்புறம் ஆம்பளைங்க. துண்டு அவங்கவங்க கொண்டாரணும்."

"யாரு, வெய்னா?"

"வேற எவன் இவ்வளவு அழகா சவுனா கட்டுவான்?" வெய்ன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இங்க பாருங்க. என் தங்கச்சி சொன்னதுல பாதி கொழுப்பு. ஞாயித்துக்கெழம சவுனாவாம். அதுக்கு அவள நான் கேட்டுக்கறேன். மீதிப் பாதி நெஜம். இந்தக் குளிர்ல கரண்ட் போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால வீட்டுல இருக்கற கரண்ட் அடுப்ப இப்பவே அணைங்க. லைட்டையும் அணைச்சிட்டு, கதவப் பூட்டிட்டுக் கெளம்புங்க. கல்லு காஞ்சிருச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "சவுனா சூடா இருக்கு."

அந்த மூன்று வார்த்தைக்கு இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'சவுனா சூடா இருக்கு' என்று சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவனானாலும் போக வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தால் மட்டும் மன்னிப்பு உண்டு, அதுவும் முறைத்துக்கொண்டே தருவார்கள்.

அடுத்த அழைப்பு உடனே வந்தது. "ரெய்னோ, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அஞ்சு பேர் தாங்கும். மேல் பலக கொஞ்சம் ஆடும், குண்டா இருக்கறவங்க கீழ உக்காருங்க." அதற்கடுத்தது மதுக்கடைக்காரர்: கடைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, குளித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சூடான சூப் இலவசம், பீர் இலவசமில்லை. போதகர் வந்தார். தன்னுடையது சிறியது, ஆனால் பிரசங்கம் கிடையாது என்று உறுதி கொடுத்தார். பனியை யார் பக்கம் வாரிப் போடுவது என்று பத்து வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கிற லாம்பி வீட்டுக்காரரும் சாரி வீட்டுக்காரரும் வந்தார்கள். லாம்பியிடம் அடுப்பு உண்டு, விறகில்லை. சாரியிடம் விறகு உண்டு, அடுப்பு பிளந்திருக்கிறது. "என்ன பண்ணலாம்?" என்று ரெய்னோ கேட்டதற்கு, இருவரும் கொஞ்ச நேரம் உறுமினார்கள். பிறகு சாரி, "நான் தள்ளுவண்டில போட்டு எடுத்துட்டு வர்றேன்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்றார். "வழியில இருக்கற பனிய வாரி வெக்கறேன்னு சொல்லுங்க" என்றார் லாம்பி.

கடைசியில் ஹில்மா கங்காஸே வந்தாள். "எங்க கொல்லையில ஒண்ணு இருக்கு. உள்ள பூரா டயர். ரெண்டு ஆம்பளைங்க வந்து தூக்கிப் போட்டா உடனே மூட்டிருவேன். பாட்டுக் குழுப் பொம்பளைங்க எல்லாம் எங்க வீட்டுக்கு. ரெய்னோ, அந்தக் கெயில் கேட்டுக்கிட்டிருந்தா ஒண்ணு சொல்லு. அவள இன்னும் மன்னிக்கல."

டினோ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "எறங்குதுங்க! கோடு எறங்குது!"

கெயில் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஏறிக்கொண்டிருந்த கோடு தயங்கியது, வளைந்தது, கீழே திரும்பியது. மின்சார அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அவள் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்படப் பயமாக இருந்தது. இன்னும் ஐந்து மணியே ஆகவில்லை.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. அந்தப் பக்கத்து ஜனவரியில் சூரியன் அவ்வளவுதான், வந்ததும் தெரியாது போவதும் தெரியாது. கெயில் காபிக் கோப்பையோடு ஜன்னலுக்குத் திரும்பினாள். கோப்பை கையிலிருந்து நழுவியது.

ஊர் இருட்டாகக் கிடந்தது. துறைமுகத் தெரு இருட்டு. பள்ளிக்கூடத் தெரு இருட்டு. மேட்டுத் தெருவில் ஒரு ஜன்னலில்கூட வெளிச்சமில்லை.

"டினோ! போயிருச்சு! எல்லாம் போயிருச்சு!"

"எதுங்க?"

"கரண்ட்டு!"

டினோ திரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். "தெருவிளக்கப் பாருங்க, கெயில். எரியுதா இல்லையா?"

எரிந்தது. தெருவிளக்குகள் எல்லாம் எரிந்தன. வீடுகள்தான் இருட்டாக இருந்தன. வெய்ன் சொன்னபடி விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் கிளம்பிப் போயிருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் குளியல் அங்கியும் பனிக்காலணியுமாகக் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். வீடுகளின் பின்னால், அங்கொன்றும் இங்கொன்றுமாக, சின்னச் சின்ன தகரப் புகைபோக்கிகளிலிருந்து விறகுப் புகை எழுந்தது. ஏரிக்கரையில் கம்பெனியின் பெரிய புகைபோக்கி மட்டும் சும்மா நின்றது.

அன்று மலை வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை, ஏழு மணிக்கும் வரவில்லை. பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. புரூஸ் ஆல்டன் மறுபடி போன் செய்தார். "கெயில், எங்க திரையில உங்க ஊரே காணோம். என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. எல்லாரும் குளிக்கப் போயிருக்காங்க" என்றாள் கெயில். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள். டினோ போனை வாங்கி, "சந்தோஷத்துல அழறாங்க சார், எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்தான். பிறகு, "நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்" என்று அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

ஏரிக்கரை ரோட்டில் கடைசி வீட்டுக்கு அவள் போனபோது முற்றம் திருவிழாவாக இருந்தது. குளித்து முடித்தவர்கள் உடம்பிலிருந்து ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தார்கள். கல்லின் மேல் அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட சாசேஜ் கை மாறியது. ஏலக்காய் ரொட்டியும் காபியும் வந்துகொண்டே இருந்தன. கெயிலை யாரோ பார்த்துவிட்டுக் கத்த, கூட்டம் முழுவதும் திரும்பியது. பிறகு கைதட்டல் எழுந்தது. கையுறை போட்ட கைகள், சத்தம் மொத்தென்றுதான் கேட்டது. ஆனால் விடாமல் தட்டினார்கள்.

"கரிய விடுங்க விடுங்கன்னு கடைசில வெறகுக்குக் கொண்டாந்து விட்டுட்டியே!" என்று ஒருவர் கத்தினார்.

"அடுத்த சனிக்கெழமயும் கரண்ட் இல்லேன்னு சொல்லு கெயில், நல்லாத்தான் இருக்கு!"

ஹில்மா கங்காஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் சுட்ட பீட்ரூட் நிறத்தில் இருந்தது. தன் வீட்டில் முதல் அணியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். கெயிலின் காதைப் பிடித்து, வலிக்காமல், ஒரு திருகு திருகினாள். "இது உன் அம்மாவுக்காக" என்று சொல்லிவிட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வெய்ன் கூட்டத்தில் இல்லை. உடை மாற்றுகிற முன்னறையில் அடுப்பு வாய்க்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வேலைச் சட்டை, கம்பெனித் தொப்பி, கையில் நீளக் கம்பி. அடுப்புக்கு விறகு போடுவது அந்த அறையிலிருந்துதான். உள்ளே ஆண்கள் அணி கல்லில் தண்ணீர் விசிறுகிற சத்தமும் அலறலும் கேட்டது. அவன் தலைமுடி காய்ந்திருந்தது.

"நீ இன்னும் குளிக்கலையா?" என்றாள் கெயில்.

"ஷிஃப்ட்ல இருக்கேன்ல."

அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"வெய்ன், நீ வாயத் தொறக்காம இருந்திருந்தாப் போதும். நான் தோத்துருப்பேன். உன் கொதிகலன் இன்னும் அஞ்சு வருஷம் ஓடியிருக்கும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

வெய்ன் கம்பியால் ஒரு கட்டையைத் தள்ளினான். "காலைல நீ வேணாம்னு சொன்னப்ப எனக்கு அவ்வளவு கோவம். வீட்டுக்கு வந்து, படட்டும், பட்டாத்தான் புத்தி வரும்னு ரேடியோவப் போட்டு உக்காந்தேன். நீ பேசினே. எல்லாரும் உன்னத் திட்டினாங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல." அவன் சிரித்தான், உடனே நிறுத்தினான். "அப்புறம்தான் தோணுச்சு, கரண்ட் போகப்போகுதுன்னு. கெயில், இருபத்தெட்டு வருஷத்துல என் ஷிஃப்ட்ல இந்த ஊரு ஒரு தடவகூட இருண்டதில்ல. புயல்ல இல்ல, வெள்ளத்துல இல்ல. நான் கரி எரிக்கறவன்னுதான் நீ நெனச்சே, நானும் அப்படித்தான் நெனச்சேன். வெளக்கு எரியணும், அவ்வளவுதான் என் வேல. அது கரியில எரிஞ்சா என்ன, காத்துல எரிஞ்சா என்ன? உன் ஒருத்திமேல இருக்கற கோவத்துல ஊர இருட்டுல விட்டுட்டு, நாளைக்கு இந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு எப்படி வெளிய நடப்பேன்?"

கெயில் அண்ணனின் தோளில் நெற்றியை முட்டி அழுதாள்.

"போதும், போதும். சட்டையெல்லாம் ஈரம் பண்ணாத" என்றான் வெய்ன். "அந்தத் தையல் மிஷின் வேல இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"ரொம்பச் சத்தம் போடுமா?"

"உன்ன விடக் கம்மிதான்."

உள்ளேயிருந்து கடைசி அணி ஓடி வந்தது. வெந்து சிவந்த ஆறு ஆண்கள் முன்னறையைத் தாண்டி வெளியே பாய்ந்து பனியில் விழுந்து அலறினார்கள். அலறல் ஏரியின் மேல் போய்த் திரும்பி வந்தது. உள்ளே காலியாகிவிட்டது. வெய்ன் அடுப்புக்குள் எட்டிப் பார்த்து, கட்டையை எடுக்கக் கையை நீட்டினான்.

கெயில் அவன் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டாள். தலையிலிருந்த கம்பெனித் தொப்பியையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரி. உன் ஷிஃப்ட் முடிஞ்சுது."

"உனக்கு நெருப்பு பாக்கத் தெரியுமாடி? ஏழு வருஷமா அணைக்கறதுக்கு அலஞ்சவ."

"மாத்திலா வீட்டுப் பொண்ணுக்கு அது தெரியாதா? போய்க் குளி."

வெய்ன் ஒரு நிமிடம் தயங்கி நின்றான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே போனான். கதவு மூடியது. மேல் பலகை அவன் கனத்தில் கிறீச்சிட்டது. கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது. இருபத்தெட்டு வருடக் களைப்பும் ஒன்றாக இறங்கியதுபோல ஒரு நீண்ட பெருமூச்சு பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"கெயில்!" என்று உள்ளேயிருந்து கத்தினான். "சூடு பத்தல! இன்னும் போடு!"

கம்பெனியில் கரியை நிறுத்திய கெயில் மாத்திலா, கண்ணில் வழிந்ததைக் கையுறையால் துடைத்துக்கொண்டு, நல்ல பெரிய கட்டையாகப் பார்த்து எடுத்து அடுப்பில் போட்டாள்.